அமாவாசைக் கைதி

வடிவாம்பாளின் வயிற்றில் சேறு சரியாக ஒட்டவில்லை. ஜெயப்ரியா காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பாலாற்றங்கரையில் அள்ளி வந்து துணியில் சலித்த மண், பசை, கொஞ்சம் பழுப்புப் பெயின்ட், இரண்டு சொட்டுத் தண்ணீர். எல்லாம் வழக்கமான பக்குவம்தான். அவள் கைதான் இன்றைக்கு வழக்கமாக இல்லை.

வடிவாம்பாள் என்பது ஒரு டாங்க். 1965 யுத்தத்தில் பாகிஸ்தான் ஓட்டிக்கொண்டு வந்த பேட்டன் டாங்கை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த பிளாஸ்டிக் பொம்மை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பொம்மை என்று ஜெயப்ரியாவின் காதில் விழும்படி சொல்லிவிடக் கூடாது. மாடல் என்று சொல்ல வேண்டும். அவள் கணவன் தினேஷ் கல்யாணமான புதிதில் ஒருமுறை வாய்தவறிப் பொம்மை என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பழைய ரசத்தோடு சாப்பாட்டை முடித்துக்கொள்ள வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் அந்தச் சொல்லை மறந்தே போனார்.

சண்டைக்காகச் செய்த மாடல்கள் இவை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு அல்ல. மேஜை மேல் போர்க்களம் அமைத்து, இந்தப் பக்கம் ஜெயப்ரியாவின் செஞ்சூரியன் டாங்குகளும் அந்தப் பக்கம் தங்கை தேவிப்ரியாவின் பேட்டன்களும் நின்று, பஞ்சாபில் அசல் உத்தர் என்ற ஊருக்குப் பக்கத்தில் கரும்புக் காட்டுக்குள் நடந்த அந்த யுத்தத்தை அக்காளும் தங்கையும் சிறுவயதிலிருந்து நடத்தி வருகிறார்கள். நிஜ யுத்தம் சில நாளில் முடிந்துவிட்டது. இவர்கள் யுத்தம் முடிகிற வழியாகத் தெரியவில்லை.

ஆனால் இன்றைக்கு முடிந்துவிடும் போலிருந்தது. தேவி நாளைக்கு நியூசிலாந்துக்குப் போகிறாள். புருஷனுக்கு அங்கே வேலை கிடைத்து, அவர் முன்னாலேயே போய் வீடு பார்த்துவிட்டார். திரும்பி வருகிற யோசனை இருக்கிறதா என்று அப்பா கேட்டதற்கு, "பாப்போம்பா" என்றாளாம். அந்தப் "பாப்போம்" வந்த நாளிலிருந்து ஜெயப்ரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆட்டம் எப்போதும் அமாவாசையன்றுதான். பட்டுத்தறி ஓடும் வீடுகளில் அமாவாசைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்பா கைலாசத்தின் தறி மாதத்தில் அந்த ஒரு நாள்தான் வாயை மூடும். தறிக்குழிக்குப் பக்கத்தில் பாவு நூல் கிடக்கும் நீள இடம் அன்றைக்குக் காலியாக இருக்கும். மற்ற பிள்ளைகள் அங்கே தாயம் ஆடினார்கள், பல்லாங்குழி ஆடினார்கள். இந்த இரண்டு பெண்களும் டாங்க் ஓட்டினார்கள். இப்போது ஜெயப்ரியா இருப்பது செவிலிமேட்டில், மாடிவீடு, தறி கிடையாது; கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. இருந்தாலும் அமாவாசையன்று கம்ப்யூட்டரைத் தொட மாட்டாள். தறியே இல்லாத வீட்டில் தறிக்கு லீவு விடுகிறவள் ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எல்லாம் ஆவடியில் ஆரம்பித்தது. அத்தை வீட்டுக்குப் போன ஒரு லீவில், டாங்க் செய்யும் தொழிற்சாலை வாசலில் மேடை போட்டு நிறுத்தியிருந்த நிஜ டாங்கை இரண்டு பேரும் பார்த்தார்கள். தேவி அப்போது இடுப்பில் தூக்கும் பருவத்தைத் தாண்டியிருந்தாள். ஆனாலும் அக்காள்தான் தூக்கிக் காட்டினாள். அந்தப் பீரங்கிக் குழாய் தங்களைத்தான் குறி வைக்கிறது என்று தேவி சொல்ல, ஜெயப்ரியா அவளைத் தூக்கிக்கொண்டு ஓட, அத்தை பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். மாமா அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே அசல் உத்தர் கதையை அவர்தான் சொன்னார்: கரும்புக் காட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், பேட்டன் டாங்கெல்லாம் சேற்றில் மாட்டிக்கொண்டது, ஓட்டி வந்தவன் இறங்கி ஓடினான். "டாங்க்கு மாட்டிக்கிச்சா!" என்று தேவி கையை அப்படியே சோற்றில் வைத்துவிட்டாள்.

முதல் டாங்குகளை அப்பாவின் பழைய டிசைன் அட்டைகளில் வெட்டினார்கள். தறிக்கு மேலே சங்கிலியாகத் தொங்குமே, ஓட்டை போட்ட அட்டை, அதில் கிழிந்துபோனது. ஆகையால் பாகிஸ்தான் படை, இந்தியப் படை இரண்டுக்குமே உடம்பெல்லாம் ஓட்டை. பாட்டில் மூடிகளே டாங்கின் மேல்கோபுரம், பேனா ரீஃபில்தான் பீரங்கி. கரும்புக் காட்டுக்குத்தான் அவர்கள் வீட்டில் குறைவே இல்லை: தறியில் மிஞ்சும் பச்சைப் பட்டுக் கழிவு நூலைக் குட்டையாக வெட்டிப் பசையில் நட்டால் காற்றடித்தால் அசையும். உலகத்தில் எந்தப் போர்க்களத்திலும் அவ்வளவு பளபளப்பான கரும்பு விளைந்திருக்காது.

டாங்குக்குப் பெயர் வைத்தது தேவி. தெருவில் சண்டைக்குப் பேர்போன பொம்பிளைகளின் பெயராகப் பார்த்து வைத்தாள். குழாயடியில் யாரும் எதிர்த்து நிற்க முடியாத வடிவாம்பாள், சீட்டுப் பணத்துக்கு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடும் லோகாம்பாள், அமைதியாக இருந்தே ஆளைக் கவிழ்க்கும் காமாட்சியம்மாள், செல்லியம்மாள். அந்த அம்மாக்கள் யாருக்கும் கடைசிவரை இது தெரியாது. தெரிந்திருந்தால் தெருவிலேயே நிஜ யுத்தம் நடந்திருக்கும்.

பகடை, வீட்டில் இருந்த பித்தளைத் தாயக்கட்டைதான். அதனால் சட்டமும் தாயச் சட்டம். தாயம் விழாமல் எஞ்சின் கிளம்பாது. கரும்புச் சேற்றில் இறங்கிய டாங்க், தாயம் விழுந்தால்தான் வெளியே வரும். அதற்குள் எதிரி டாங்க் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் கடைசியாக ஒரே ஒரு போடு. அதிலும் தாயம் விழாவிட்டால் கைதி. இப்போது சென்னையிலும் வெளிநாட்டிலும் அச்சடித்த விதிப்புத்தகங்கள் எத்தனையோ வருகின்றன, ஜெயப்ரியா சிலவற்றைப் படித்தும் பார்த்தாள். தாயம் இல்லாத யுத்தம் அவளுக்கு உப்பில்லாத சோறாக இருந்தது.

கைதிச் சட்டம் மட்டும் அப்பா போட்டது. ஒரு அமாவாசையில் அக்காளின் லோகாம்பாளைப் பிடித்த தேவி, தரவே மாட்டேன் என்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். அடிதடியாகி, அக்காள் தலைமுடி தங்கை கையிலும் தங்கை காது அக்காள் கையிலும் இருந்த நேரத்தில் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார். பிடித்தவள் அடுத்த அமாவாசை வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் உரியவளைத் தேடிப் போய் அவள் கையில் ஒப்படைக்க வேண்டும். உரியவள் போய்க் கேட்கக் கூடாது. ஒரே வீட்டில், இரண்டு பாய்க்கு நடுவில் நடந்த ஒப்படைப்புக்கு அது போதுமான சட்டம்தான்.

சட்டத்தை மதிக்கிற ஜாதி இல்லை தேவி. அழுகுணி ஆட்டத்தில் பட்டம் வாங்கியவள். தாயக்கட்டை தரையில் நிற்பதற்குள் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டி, இரண்டைத் தாயமாக்கிவிடுவாள். "தாயம்!" என்று அவள் கத்தினாலே ஜெயப்ரியா முதலில் பார்ப்பது கட்டையை அல்ல, அந்தச் சுண்டுவிரலை. கேட்டால், "எப்பவும் நான்தான் பாகிஸ்தானா? அப்ப இப்டித்தான் ஆடுவேன்" என்பாள். அதுவும் நியாயம்தான். மூத்தவள் என்ற ஒரே காரணத்தால் இந்தியாவை ஜெயப்ரியா எடுத்துக்கொண்டு இத்தனை வருஷமாக விட்டுக்கொடுக்கவே இல்லை.

சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு நிஜமான கிட் வாங்கினார்கள். துண்டு துண்டாக வெட்டி, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, சக்கரம் சக்கரமாகக் கோத்து, அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் பச்சை, அதன்மேல் தூசி. ஒட்டுகிற வேலை தேவியுடையது, பெயின்ட் ஜெயப்ரியாவுடையது. ஆயுத பூஜைக்கு அப்பா தறிக்குப் பொட்டு வைக்கும்போது இரண்டு படைக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். அந்தக் கோலத்திலேயே ஜெயப்ரியா படம் பிடித்து டாங்க் மாடல் செய்கிறவர்களின் இணையக் குழுவில் போட்டுவிட்டாள். போலந்திலிருந்து ஒருவர் ரொம்ப மரியாதையாக, பேட்டனின் நெற்றியில் இருக்கும் அந்தச் சிவப்பு மஞ்சள் வட்டம் எந்த ரெஜிமென்டின் அடையாளம் என்று கேட்டிருந்தார். "பிள்ளையார்பாளையம் ரெஜிமென்ட்" என்று தேவி பதில் போட்டாள். அந்த ஆள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சேறு பூசினால் எப்படி ஒட்டும்? அதோடு, அவள் மனதில் ஒரு திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எப்படியாவது தன் டாங்க் ஒன்றைத் தேவியிடம் கைதியாகக் கொடுத்துவிட வேண்டும். கைதியை வைத்திருந்தால் தேவி கொண்டுவந்து ஒப்படைத்தே ஆக வேண்டும். அடுத்த அமாவாசைக்கு முடியாது, சரி. அடுத்த வருஷமாவது வரட்டும். வந்துதானே தீர வேண்டும்? அது அப்பா போட்ட சட்டம்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தேவி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அப்பா கொடுத்தனுப்பிய வடையைத் தூக்குவாளியோடு நீட்டினாள். மேஜையில் களம் தயாராக இருந்தது. நீலப் பட்டுத் துண்டில் கால்வாய், பச்சைப் பட்டில் கரும்பு, நடுவே செம்மண் ரோடு. தேவி குனிந்து வடிவாம்பாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"சேறு புதுசா இருக்குதே?"

"இப்பத்தான் பூசினேன். தொடாதடீ, காயல."

"மூணாவது சக்கரம் ஆடுதுக்கா. நான் ஒட்னது. அப்பவே கோணலா ஒட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, வைத்துவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். தேவி நன்றாகத்தான் ஆடினாள். செல்போனைக்கூடத் தொடவில்லை. தாயம் விழுந்ததும் பேட்டன்கள் ரோட்டில் இறங்கின. ஜெயப்ரியாதான் பைத்தியக்காரி மாதிரி ஆடினாள். ரோட்டை விட்டுவிட்டு, யாரும் துரத்தாமலே, லோகாம்பாளைக் கொண்டுபோய்க் கரும்புக்குள் இறக்கினாள். பக்கத்திலேயே தேவியின் பேட்டன் நின்றுகொண்டிருந்தது. ஒரு கட்டம் நகர்ந்தால் பிடித்துவிடலாம்.

தேவி பேட்டனை வேறு பக்கம் திருப்பினாள்.

"லோகாம்பாள் சேத்துல நிக்குதுடீ. கண்ணு தெரிலயா?"

"தெரியுது."

சரி, யோசித்து ஆடுகிறாள் போலிருக்கிறது என்று ஜெயப்ரியா செல்லியம்மாளையும் கரும்புக்குள் விட்டாள். பஞ்சாபில் எந்தத் தளபதியாவது இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள். தேவி அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் டாங்கைக் கால்வாய்ப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.

ஜெயப்ரியாவுக்கு அழுகை முட்டியது. அதைக் கோபமாக மாற்றிக்கொண்டாள்; அவளுக்கு அது சுலபம்.

"இன்னாடி நெனச்சுக்கினு ஆடுற? பிடிக்கக் கூடாதுன்னே முடிவு பண்ணிட்டு வந்தியா?"

"ஆமா."

"ஏன்?"

"பிடிச்சா கொண்டாந்து குடுக்கணும்க்கா. எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. பொய்யா பிடிச்சுக்கினு போவ எனக்கு இஷ்டமில்ல."

"ஒரு வருஷம் கழிச்சு வா. ரெண்டு வருஷம் கழிச்சு வா. நான் இன்னா, எங்கனா ஓடிடப் போறனா?"

"நீ எங்கயும் போவ மாட்ட" என்றாள் தேவி. "அதான் பேஜாரே."

தாயக்கட்டையை உருட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு அவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஜெயப்ரியா பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் வழக்கமான சண்டையாகி முடிந்திருக்கும்.

"பூனாவுல இருந்தேன், வந்தியா? ஐதராபாத்துல இருந்தேன், ஒரே ராத்திரி ட்ரெயின், வந்தியா? எத்தினி தடவ என் டாங்க் உன்கிட்ட கைதியா இருந்துச்சு? நீதான் எடுத்தாந்து குடுக்கணும். அப்பா அப்டித்தான சொன்னாரு? ஒவ்வொரு தடவையும் நானே வந்து, நானே உன் பெட்டியத் தொறந்து, நானே எடுத்துக்கினு போனேன். நீ வருவ வருவன்னு ஐதராபாத்துல கட்டிலுக்கடில ஒரு பலகையே வாங்கி வச்சிருந்தேன்கா. போர்க்களத்துக்கு. கரும்பெல்லாம் நட்டு."

ஜெயப்ரியாவுக்கு இது தெரியாது.

"முகூர்த்த சீசன்டீ" என்றாள். அவளுக்கே அது பலவீனமாகக் கேட்டது. "டிசைன் கேட்டு உசுர வாங்குவானுங்க."

"மார்கழில யாருக்குக்கா முகூர்த்தம்?"

மார்கழியில் காஞ்சிபுரத்தில் யாரும் அவசரமாகச் சேலை கேட்பதில்லை. பஸ்ஸில் தலை சுற்றும், ரயிலில் தூக்கம் வராது, அப்பாவை விட்டுவிட்டு எப்படி, தினேஷுக்கு ஷிஃப்ட் என்று வருஷாவருஷம் ஒரு காரணம் தயாராக இருந்தது. உண்மை என்னவென்றால், தங்கைதான் வருவாளே என்ற தைரியம். வருகிறவள் வந்துகொண்டே இருப்பாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தாள். ஆவடி, திருப்பதி, இவ்வளவுதான் அவள் உலகம். தங்கை விட்டுவிட்டுப் போகிறாள் என்று இத்தனை நாளாகப் புலம்பியவளுக்கு, தான் ஒருதடவைகூடப் போகவில்லை என்பது இப்போதுதான் மண்டையில் ஏறியது. வெட்கமாக இருந்தது.

"உருட்டு" என்றாள்.

தேவி உருட்டினாள். நான்கு விழுந்தது. பிறகு ரோட்டின் நடுவில் பத்திரமாக நின்ற தன் வடிவாம்பாளை எடுத்து, ஒவ்வொரு கட்டமாக, காயாத சேறு மேஜையில் கோடு போட, கால்வாயோரக் கரும்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள். நேர் எதிரே கரையில் ஜெயப்ரியாவின் காமாட்சியம்மாள் நின்றிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"நீ ஆடு."

ஜெயப்ரியா காமாட்சியம்மாளை ஒரு கட்டம் முன்னால் தள்ளினாள். கை தானாகச் செய்தது. இப்போது வடிவாம்பாளுக்குக் கடைசிப் போடு. தாயம் விழுந்தால் தப்பிக்கலாம்.

தேவி இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்தாள். சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். உருட்டினாள். ஒன்று வெற்றுப் பக்கமாக நின்றது. இன்னொன்று ஒரு புள்ளியைக் காட்டி நின்றது.

தாயம்.

ஜெயப்ரியா பார்த்தாள். சந்தேகமில்லாத தாயம். வாயைத் திறப்பதற்குள் தேவியின் சுண்டுவிரல் நீண்டது. ஒரே தட்டு. கட்டை ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு புள்ளியைக் காட்டி நின்றது.

"ரெண்டு" என்றாள் தேவி. "தாயம் விழல. வடிவாம்பா கைதி."

அத்தனை வருஷமாக ஜெயிப்பதற்காக ஏமாற்றியவள், தோற்பதற்காக ஏமாற்றினாள். ஜெயப்ரியா அவள் சுண்டுவிரலைப் பார்த்தாள். நகத்தில் வடிவாம்பாளின் சேறு ஒட்டியிருந்தது.

"அழுகுணி" என்றாள்.

"சாட்சி யாரு?" என்றாள் தேவி, பழைய ராகத்தில். பிறகு வடிவாம்பாளை எடுத்து அக்காளின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "உன்கிட்டதான் இருக்குது. நான் வந்து கேக்க மாட்டேன். அப்பா சட்டம். மூணாவது சக்கரத்த மட்டும் நீ தொடாத, நானே பாத்துக்கறேன். அங்க."

அந்த "அங்க" என்ற சொல்லோடு ஆட்டம் முடிந்தது. மிச்ச டாங்குகளை யாரும் நகர்த்தவில்லை. வாசலில் பஸ் வரும்வரை இரண்டு பேரும் வடையைப் பற்றிப் பேசினார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பஸ் ஏறும்போது தேவி திரும்பிப் பார்த்தாள். ஜெயப்ரியா கையில் டாங்கை வைத்துக்கொண்டே கையசைத்ததால் கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஷிஃப்ட் முடிந்து தினேஷ் வந்தபோது அவள் மேஜை விளக்கடியில் உட்கார்ந்து, ஒரு பழைய டப்பாவுக்குள் பச்சைப் பட்டுக் கழிவு நூலை மெத்தை மாதிரி பரப்பிக்கொண்டிருந்தாள். அதற்கு நடுவில் வடிவாம்பாள், சேறும் கோணல் சக்கரமுமாகப் படுத்திருந்தாள். பீரங்கிக் குழாய் மட்டும் டப்பாவுக்குள் அடங்காமல் இடித்தது.

"யாரு ஜெயிச்சது?" என்று கேட்டார் தினேஷ்.

அவள் குழாயைக் கொஞ்சம் திருப்பி, நூலை விலக்கி, மூடி இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்கியது.

"ஏங்க, பாஸ்போர்ட்டு எடுக்க ரொம்ப நாளாவுமா?" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. "பிளேன்ல கைப்பையில டாங்க் எடுத்துக்கினு போவ உடுவாங்களா?"

"பொம்மைதான, உடுவாங்க" என்றார் தினேஷ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

ஜெயப்ரியா கோபித்துக்கொள்ளவில்லை. டப்பா மூடியை ஒருதடவை திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.